அரை மீசை

தந்தியின் மேலுதட்டில் வலப்பக்கம் மட்டும் மீசை இருந்தது. இடப்பக்கத்தைத் தினமும் மழிக்க வேண்டும். வலப்பக்கத்தை ஒட்ட நறுக்கவும் கூடாது, இஷ்டத்துக்கு வளர விடவும் கூடாது. ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, கைபேசியில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து அவர் கத்தரி போட்டுக்கொண்டிருந்தார். கடைசி ஷாட் முடிந்ததும் உதவி இயக்குநர் எடுத்து அனுப்பிய படம் அது. அன்றைக்கு இருந்த முகம் அடுத்த ஷெட்யூலிலும் முடி பிசகாமல் இருந்தாக வேண்டும். சினிமாவில் அதைக் கன்டினியூட்டி என்பார்கள்.

கதையில் அவர் பள்ளி ஆசிரியர். வில்லனின் ஆட்கள் நடுத்தெருவில் பிடித்து வைத்து அவர் மீசையில் பாதியை வழித்துவிடுகிறார்கள். ஒட்டு மீசை வேண்டாம், நிஜ மீசையையே வழித்துவிடலாம் என்று இயக்குநர் சொன்னபோது தந்தி மறுபேச்சுப் பேசவில்லை. காரணம், அடுத்த ஷெட்யூலில் அவருக்கு ஒரு காட்சி இருந்தது. கதாநாயகனின் கையைப் பிடித்துக்கொண்டு, அரை மீசையோடு ஒரு பக்க வசனம் பேசிவிட்டுச் சாக வேண்டும். குளோசப் உண்டு. புரொடக்‌ஷன் மேனேஜர் தோளில் கை போட்டு, "ஒரு மாசம் பொறுத்துக்கோங்க, இந்த ஒரு சீன் உங்களைத் தூக்கி நிறுத்திடும்," என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு மாசம் இப்போது மூன்று மாசமாக நடந்துகொண்டிருந்தது.

தந்தி என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. இளவட்டமாக இருந்தபோது ஒரு படத்தில் தபால்காரனாக வந்து, கல்யாண வீட்டில் சாவுத் தந்தியை வாழ்த்துத் தந்தி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வாசிப்பார். கொட்டகை குலுங்கியது. தேநீர்க் கடைகளில் அவரிடம் காசு வாங்க மறுத்தார்கள். அப்புறம் வந்த படங்களிலெல்லாம் தபால்காரர் வேஷம்தான். நாட்டில் தந்தியே நின்றுபோன பிறகு அவரைக் கூப்பிடுகிறவர்களும் குறைந்துபோனார்கள். ஒரு பக்க வசனம் ஒரு வரியாகி, அது "சரிங்க ஐயா" என்றாகி, பிறகு கூட்டத்தில் நின்று தலையாட்டுவதாகி, கடைசியில் பிணமாகப் படுப்பதில் வந்து நின்றது. மூச்சை அடக்குவதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தார். அந்தப் பெயரால் அடுப்பு எரியவில்லை.

பிணமாக நடித்துவிட்டு வரும் நாட்களில் மனைவி கதவைத் திறந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சிரிச்சீங்களா?" என்பதுதான். பிணமாகப் படுத்தவர் ஷாட் முடிந்த கையோடு கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் கொஞ்சம் படம் பிடிப்பார்கள். இல்லாவிட்டால் நடித்த சாவு வீடு வரைக்கும் கூட வந்துவிடும் என்று தொழிலில் எல்லோருக்குமே ஒரு பயம். சிரித்தேன் என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் நகர்ந்து வழி விடுவாள்.

அவள் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். ரத்தமும் மருந்தும் பட்ட விரிப்புகளை ஊறவைத்து, இயந்திரத்தில் போட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் மடித்து அடுக்க வேண்டும். விரல் இடுக்கில் தோல் உரிந்து கிடக்கும். மேற்பார்வையாளரின் கையைக் காலைப் பிடித்து அவருக்கும் அங்கே ஒரு வேலை பேசி முடித்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வழி சொல்லும் வேலை. நாற்காலி உண்டு, சீருடை உண்டு, மாசம் பிறந்தால் சம்பளம் உண்டு. முகத்தை மட்டும் ஒழுங்காக மழித்துக்கொண்டு வர வேண்டும்.

"பாதிதானே இருக்கு. அதையும் எடுத்துட்டு வாங்க," என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "மத்தியானத்துக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாராம்."

"ஒரு பத்து நாள் கேட்டுப் பாரேன். போன் எப்ப வேணா வரலாம்."

"உயிருக்குப் போராடற ஆளைத் தூக்கிக்கிட்டு வராங்க. அங்க போய் இந்த மூஞ்சியோட நின்னா அடிக்க வருவாங்க."

"இதை எடுத்துட்டா அந்த சீன் போச்சு. அப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்?"

"இப்ப மட்டும் எவன் கூப்பிடறான்?"

சொன்ன பிறகு அது கொஞ்சம் அதிகம் என்று அவளுக்கே பட்டது. அந்தச் சாவுக் காட்சி வசனத்தை அவர் வீட்டில் சொல்லிச் சொல்லி, துணி மடிக்கும்போது அவள் வாயிலும் அது தானாக வருகிற அளவுக்கு ஆகியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

தந்தி வலப்பக்கத்திலும் சோப்பைக் குழைத்துத் தடவினார். சவரக் கத்தியை மூக்குக்குக் கீழே வைத்தார். கண்ணாடியில் நுரைக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன. குளோசப்பில் இந்தக் கண்கள் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. தான் நல்ல நடிகன் என்பதில் அவருக்கு இந்த வயதிலும் சந்தேகம் வரவில்லை. துண்டால் நுரையைத் துடைத்துவிட்டு, மத்தியானம் வரைக்கும் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வந்தவள் வேற ஆள் வந்தாச்சு என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு தொலைக்காட்சித் தொடரில் அவரைக் கூப்பிட்டார்கள். மீசையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வெளியே போகும்போது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கேட்டவர்களிடம் பல்வலி என்று சொன்னார். ஒரு பல் இத்தனை நாளாகவா வலிக்கும் என்று கடைக்காரர் கேலி செய்தார்.

வேலை கைவிட்டுப் போய் ஒரு மாசம் கழித்துப் போன் வந்தது. மனைவி தன் சம்பளத்தில் அவருக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தாள். விடியும் முன்பே அவர் படப்பிடிப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் தாழ்வாரத்தில் விளக்குகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். உதவி இயக்குநர் கையில் அட்டையோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். தந்தி அவரை நிறுத்தி, வசனத்தை ஒரு தடவை சொல்லிக் காட்டட்டுமா என்று கேட்டார்.

"வசனமா? ஹீரோவோட கால்ஷீட் அரை நாள்தான் சார். நீங்க செத்துக் கிடக்கறீங்க, அவர் வந்து நின்னு பாக்கறாரு. மேல துணி போட்டு மூடிடுவோம், மேக்கப் எதுவும் தேவையில்லை."

"அப்ப இந்த மீசை?"

உதவி இயக்குநர் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். "அட, இன்னுமா வச்சிருக்கீங்க? கதையை மாத்தி ரெண்டு மாசமாச்சே. யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

தந்தி நாளை எண்ணிப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நுரையோடு நின்ற அந்தக் காலையில், இங்கே அந்தக் காட்சி ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தது. கதாநாயகன் ஒரே ஒரு தடவை துணியை விலக்கி முகத்தைப் பார்ப்பதாக வைக்க முடியாதா என்று மெல்லக் கேட்டார். நேரமில்லை சார், போய்ப் படுங்க என்று உதவி இயக்குநர் பரிவாகவே சொன்னார்.

புதுச் செருப்பைத் தூணோரம் கழற்றி வைத்துவிட்டு, அவர் சிமெண்டுத் தரையில் படுத்தார். உடை பார்க்கிறவர் வெள்ளைத் துணியைத் தலை வரைக்கும் இழுத்து மூடினார். அதில் பழைய கறையின் வாடை இருந்தது. மனைவி பார்த்திருந்தால் மறுபடியும் ஊறவைத்திருப்பாள். காலடிச் சத்தம் வந்து பக்கத்தில் நின்றது. கதாநாயகன் விம்மினார். துணிக்குள்ளே தந்தியின் உதடுகள் அவரைக் கேட்காமலே அந்த ஒரு பக்க வசனத்தைச் சொல்லத் தொடங்கின.

"கட். பொணம் அசையுதுய்யா," என்று யாரோ கத்தினார்கள். "மூச்சை அடக்குவாருன்னுதானே கூட்டிட்டு வந்தீங்க?"

அடுத்த டேக்கில் அவர் அசையவில்லை. ஓகே என்று குரல் வந்தது, கைதட்டினார்கள். கதாநாயகனின் கார் கிளம்பிப் போனது. தந்தி துணிக்குள் கண்ணைத் திறந்து, வாயை விரித்து, சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வீட்டுக்குப் போனால் அவள் கேட்பாள். கேமராவில் முகம் தெரியாத பிணத்தைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எழுந்திரிங்கண்ணே, துணியை மடிக்கணும்," என்று உடை பார்க்கிறவர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கேமராவுக்கு மூடி போட்டு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பக்கமாகத் தலையைத் திருப்பி, அரை மீசை விரிய, தந்தி தரையில் கிடந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.