அடுப்படியில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன்

நான் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புக்கு ஒரு டைமர் உண்டு. நேரம் முடிந்தால் அதில் சிவப்பு விளக்கு சிமிட்டும். கூடவே கோழிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். பக்கத்தில் மாவு பிசையும் மெஷின்கள் மூன்று ஓடும்போது அது யார் காதில் விழும்? நான் தட்டு அடுக்கும் மேஜையோ அடுப்புக்கு எதிர்ப்பக்கம்; அங்கே அடுப்புக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு விளக்கையே முறைத்துக்கொண்டு நிற்க முடியுமா? இரண்டு முறை ரொட்டி கருகியது. இரண்டு முறையும் ‘கவனக்குறைவு’ என்று சூப்பர்வைசர் எனக்குக் கடிதம் கொடுத்தார். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

நான் முறையிட்டபோது அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மெஷின்களையெல்லாம் நிறுத்தச் சொல்லி, டைமருக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டார். நன்றாகத்தான் கேட்கிறது, உனக்குத்தான் காது மந்தம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கோபத்தில் இரண்டு நாள் வீட்டுப் பாத்திரங்கள்தான் அடி வாங்கின.

பாத்திரச் சத்தம் தாங்காமல் என்ன விஷயம் என்று கேட்டான் என் கொழுந்தன். டிவி ரிப்பேர் செய்பவன். டைமரைத் திறந்தால் சீல் உடையும், அதற்கும் ஒரு கடிதம் வரும் என்றேன்.

“திறக்கவே வேணாம் அண்ணி. விளக்கு வெளியதானே எரியுது, அது போதும்.”

வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் ஒரு சின்ன சென்சாரைக் கறுப்புக் குழாய்க்குள் வைத்து, ஒயர் இழுத்து, பழைய ஸ்கூட்டர் ஹாரனோடு இணைத்துக் கொடுத்தான். மறுநாள் காலையில் அதை விளக்கின் மேல் நானே டேப் போட்டு ஒட்டினேன். விளக்கு சிமிட்டியதும் ஹாரன் அலறியது. பத்து நாள் ஒரு ரொட்டிகூடக் கருகவில்லை.

பதினோராம் நாள் சூப்பர்வைசர் வந்தார். இதென்ன பஸ் ஸ்டாண்டா என்று கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் பிய்த்து என் மேஜையில் எறிந்தார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“இன்னைக்கு மெஷினை நிறுத்தாம கேளுங்க சார். இங்க, நான் நிக்கிற இடத்துல நின்னு.”

அவர் சிரித்துக்கொண்டே வந்து, அடுப்புக்கு முதுகு காட்டி, கைகட்டி நின்றார்.

விளக்கு சிமிட்டியது. எங்களில் ஒருவரும் அசையவில்லை. மெஷின்காரர்கள்கூட அவரையேதான் பார்த்தார்கள். அவர் சிரித்தபடி நின்றார். கருகல் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் திரும்பினார். விளக்கைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

என் முகத்தைப் பார்க்காமல், மேஜையில் கிடந்த சென்சாரை மறுபடி ஒட்டச் சொல்லிக் கை காட்டினார். நான் சென்சாரைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன். மூன்று மெஷின்களையும் தாண்டி அவர் காதில் விழுகிறமாதிரி கத்தினேன்.

“முதல்ல அந்த ரெண்டு கடிதத்தையும் கிழிங்க சார். அப்புறம் ஒட்டுறேன்.”