குங்குமம் பட்ட சீட்டுகள்

அன்று கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள்: தலைவர் பெத்தபெருமாளாகிய நான், என் மனைவி சிட்டாள், செயலாளர் நவமணி, அடுத்த தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட கலாதேவியும் அர்ச்சுனனும், ஒரு காலத்தில் கோயிலைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த பாப்பா, இன்னும் ஐம்பத்தெட்டு உறுப்பினர்கள். தேர்தல் அதிகாரியாக வந்த பத்துமலை வெளியாள், அவருக்கு வாக்கில்லை. மற்ற அறுபத்து நான்கு பேரும் வாக்களித்தோம். வராதவர்கள் பலர் கண்ணால் பார்த்ததாகச் சொல்லித் திரிவதால் இந்தக் கணக்கைக் கொடுக்கிறேன்.

ஈப்போவை அடுத்த செமோருக்கு அப்பால் அந்த ரப்பர் தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டமாக மாறி வெகுகாலம் ஆகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. கோயில் நிலம் எங்கள் செட்டியார் வீட்டிலிருந்து என் பாட்டனார் கொடுத்தது. அதனால் எங்கள் வீட்டாரே தலைவராக இருப்பது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை என்று கோயில் சங்கத்துக்குச் சட்டவிதி எழுதச் சொன்னவனும் நான்தான். ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது. வாக்குச் சீட்டில் பெருக்கல் குறியைத் தவிர வேறு அடையாளம் இருந்தால் செல்லாது. பாதிக்கு மேல் செல்லாமல் போனால் தேர்தலே செல்லாது. என் இரண்டாம் தவணை அந்தக் கூட்டத்தோடு முடிந்தது.

எங்கள் வீட்டில் வாசலுக்கு வருகிறவரை வெறுமனே உள்ளே விடுவதில்லை. அன்று மண்டப வாசலிலும் சிட்டாள் கல்யாண வீடு போலப் பன்னீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் நீட்டினாள். எல்லோரும் நெற்றியில் இட்டுக்கொண்டு, அதே ஈர விரலால் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டார்கள்.

பெட்டியைத் திறந்த பத்துமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஐம்பத்தெட்டுச் சீட்டுகளில் சிவப்பு ரேகை. சுத்தமாக இருந்தவை ஆறே ஆறு. மோட்டார் சைக்கிளைப் பின்னால் நிறுத்திவிட்டு மடப்பள்ளி வழியாக வந்தவர்களுடையவை. அதில் ஐந்து அர்ச்சுனனுக்கு, ஒன்று கலாதேவிக்கு.

சிலிபினில் லாரி வைத்திருக்கும் அர்ச்சுனன் எழுந்தான். "ரூல்னா ரூல் லா, பத்துமலையண்ணே! அஞ்சுக்கு ஒண்ணு. நான் ஜெயிச்சாச்சு. சூடா, முடிஞ்சது!"

"அம்பத்தெட்டு பேரு ஓட்டக் குப்பையில போட்டுட்டு நீ தலைவரா?" என்றாள் பாப்பா. "போடா, ஒன் லாரிக்கு தலைவரா இரு."

பாதிக்கு மேல் செல்லாததால் தேர்தலே செல்லாது என்று பத்துமலை அறிவித்தார்.

பின்வரிசையில் ஒரு குரல்: "அப்ப செட்டியாரய்யாவே இன்னும் ரெண்டு வருசம் இருக்கட்டும். போலே லா, செய்யலாம்!"

கைதட்டினார்கள். அது எனக்கு இனிக்கவில்லை என்றால் பொய். அந்த இனிப்பை அர்ச்சுனன் உடனே தீர்த்துவைத்தான்.

"வாசல்ல குங்குமம் குடுத்தது யாரு? ஆச்சி. ஓட்டு செல்லலன்னா நாக்காலி யாருக்கு? ஆச்சி வீட்டுக்காரருக்கு. நல்ல பிளான் லா, செட்டியாரே!"

மண்டபம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டைப் பார்த்து இப்படி ஒரு சொல் யாரும் சொன்னதில்லை. அதுவும் சிட்டாளை வைத்து.

நவமணி என் காதருகே குனிந்தார். "ஐயா, சீட்டு எல்லாம் செல்லும்னு தலைவரா ஒரு வார்த்த சொல்லிருங்க. எண்ணி முடிச்சிரலாம்."

கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் கலாதேவிக்குக் காது கூர்மை. "வேணாங்கய்யா," என்றாள். "நீங்க சொல்லி நான் ஜெயிச்சா, நாளைக்கு வேற யாராச்சும் சொல்லி நான் தோக்கணும்."

கோப்பிக் கடையில் உட்கார்ந்து, நாட்டை ஆள்கிறவர்களுக்கு எல்லை வேண்டும் என்று மேசையைத் தட்டுகிறவன் நான். விதிப் புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தேன். தவணையை நீட்டவோ, செல்லாத சீட்டைச் செல்லுபடியாக்கவோ தலைவருக்கு அதிகாரம் இல்லை. மறுதேர்தலைப் பொதுக்கூட்டம் முடிவு செய்யலாம். படித்துவிட்டு நாற்காலியை விட்டு இறங்கி, பாப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"இப்பவே மறுபடி ஓட்டுப் போடுறதுக்குச் சம்மதிக்கிறவங்க கையத் தூக்குங்க," என்றார் நவமணி. எல்லாக் கைகளும் எழுந்தன. கடைசியாக அர்ச்சுனனுடையது. "எனக்கென்ன பயமா?"

குழாயடியில் வரிசை நின்றது. சிட்டாளை ஒதுங்கி இருக்கச் சொன்னேன். "நான் குடுத்த குங்குமம், நானே கழுவி விடுறேன்," என்று ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டாள். அர்ச்சுனன் முறை வந்தபோது முழங்கை வரை நனைத்தாள்.

"ஆச்சி, ஓட்டுப் போடுற வெரல் மட்டும் போதும் லா!"

"வாய இங்க கொண்டா, அதையும் கழுவணும்."

அர்ச்சுனனே விழுந்து விழுந்து சிரித்தான். பத்துமலை ஒவ்வொரு கையையும் திருப்பிப் பார்த்துத்தான் சீட்டுக் கொடுத்தார். பாப்பாவை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். "இது குங்குமமில்ல, வெத்தலக் கறை. செத்தாலும் போகாது!" என்ற பாப்பா விரலில் துணி சுற்றிக்கொண்டு வாக்களித்தாள்.

கலாதேவிக்கு முப்பத்தைந்து. அர்ச்சுனனுக்கு இருபத்தெட்டு. ஒரு சீட்டு கை கழுவிய சவுக்காரத் தண்ணீரில் ஊறிக் குறி கலைந்திருந்தது. அதை இரு தரப்பிடமும் காட்டிவிட்டுத் தள்ளி வைத்தார் பத்துமலை.

அர்ச்சுனன் முதலில் கலாதேவியிடம் போனான். "திருவிழாவுக்கு லாரி வேணும்னா சொல்லுக்கா." பிறகு சிட்டாளிடம் வந்து, "ஆச்சி, நான் சொன்னது தப்பு," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. எனக்கு அது போதும்.

உச்சிகால பூசையில் பரிவட்டம் கலாதேவிக்குக் கட்டப்பட்டது. நான் வரிசையில் நின்று திருநீறு வாங்கிக்கொண்டேன்.

பெத்தபெருமாளை நாற்காலியை விட்டு இறக்கிவிட்டார்கள் என்று ஈப்போவில் ஒரு பேச்சு உலவுகிறது. யாரும் இறக்கவில்லை. என் தவணை முடிந்தது.