ஹாலிஸ்டர் வீட்டுப் புல்தரையில் முளைத்த பலகை

பயிற்சியாளர் வேட் ஹாலிஸ்டரின் ஒப்பந்தத்தைக் கல்லூரி நீட்டித்த செவ்வாய்க்கிழமை காலையில், அவர் வீட்டுப் புல்தரையில் ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகை ஒன்று தானாக முளைத்தது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் பெல்வின் ஊரில் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி தோற்றால் ரசிகர்கள் தலைமைப் பயிற்சியாளர் வீட்டு வாசலில் இப்படி நட்டுவைப்பது வழக்கம்தான். மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். ஆனால் அணி அப்போது ஜெயித்துக்கொண்டல்லவா இருந்தது! வேட்டின் மனைவி மார்வா எரிச்சலோடு பலகையைப் பிடுங்கினாள். அடியில் வெள்ளை வெள்ளையாக வேர் இருந்தது.

மார்வாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தொட்டியிலேயே ஊர் ஊராக அலைந்த பீச் பழ மரக்கன்றை ஏதாவது ஒரு மண்ணில் இறக்கிவிட வேண்டும். வேட் தோற்ற ஊர்களில் துரத்தினார்கள். ஜெயித்த ஊர்களிலிருந்து பெரிய கல்லூரிகள் கொத்திக்கொண்டு போயின. எப்படியானாலும் பெட்டி கட்டியது அவள்தான்.

“இப்பத்தானே நீட்டிச்சாங்க? அப்புறம் எதுக்கு இந்தப் பலகை?”

“நீட்டினாத்தான் வெளியூர்க்காரன் கண்ணுல படுவோம், மார்வா.”

“அப்போ தோத்துத் தொலையேன்.”

“தோத்தா துரத்திடுவானுங்க.”

“ஐயோ, அப்போ நான் எதுக்குத்தான் ஜெபம் பண்றது?”

வெற்றிக்கு ஒரு பலகை முளைத்தது. தோல்விக்கு ரசிகர்கள் ஒன்றை அடித்துவிட்டுப் போனார்கள். புல் வெட்டக்கூட இடமில்லை. புதன்கிழமை சபைச் சாப்பாட்டில் பாதிரியாரின் மனைவி நெட்டா, “என்ன கோச் வீட்டம்மா, சனிக்கிழமை ஜெயிக்கணும்னுதானே ஜெபம்?” என்று எல்லார் முன்னாலும் சீண்டினாள். கோழி நூடுல்ஸ் பாத்திரத்தைக் கையில் வைத்தபடியே மார்வா குழம்பிப்போய், “ஆண்டவரே, ரெண்டுமே வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் சமனில் முடிந்தது. அடுத்ததும் சமன். பிறகு வருடக்கணக்காக எல்லாமே சமன். ஜெயித்தால் என்ன கொடுப்பது, தோற்றால் எப்படி நீக்குவது என்றெல்லாம் வளைத்து வளைத்து எழுதிய வக்கீல்கள், சமனைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. விளையாட்டுத் துறைத் தலைவர் ஓரின் கட்ஷா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தோத்தியான்னா தோக்கல. ஜெயிச்சியான்னா அதுவும் இல்ல. உன்னை என்னய்யா பண்றது?”

“எனக்கும் புரியல சார்” என்றார் வேட்.

ஒப்பந்தம் தன்பாட்டுக்கு நீண்டது. பெரிய கல்லூரிகள் அவரை மறந்தன. பலகைகள் பழுத்து உதிர்ந்தன. அவை நின்ற இடத்தில் மார்வா பீச் கன்றை நட்டாள். அது காய்க்கவும் தொடங்கியது. இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

அப்புறம் புது விதி வந்தது. இனிமேல் சமன் கிடையாது, ஒருவர் ஜெயிக்கும்வரை ஆடியே ஆகவேண்டும் என்றார்கள். அந்த இலையுதிர் காலத்தின் முதல் ஆட்டம் சனிக்கிழமை மத்தியானம் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. ஆடியவர்கள் பட்டம் வாங்கிப் போக, அவர்களுடைய தம்பிகள் ஆடுகிறார்கள். எதிரணிக் குடும்பங்கள் பெல்வினிலேயே வீடு வாங்கிக் குடியேறிவிட்டன.

தினமும் மார்வா மைதானத்துக்குச் சாப்பாடும் பீச் பழமும் கொண்டுபோகிறாள்.

“வீட்டுக்கு எப்போ வருவே, வேட்?”

“யாராவது ஜெயிச்சதும்.”

ஜெயித்தால் கொத்திக்கொண்டு போவார்கள், தோற்றால் துரத்துவார்கள். “அவசரமில்ல” என்கிறாள். பிறகு மைதானக் கோட்டோரத்தில் உட்கார்ந்து பழத்தை நறுக்கிக் கொடுக்கிறாள். யாருக்குக் கைதட்டுவதென்று அவளுக்கு இன்றும் தெரியவில்லை. இரண்டு பக்கத்துக்கும் தட்டுகிறாள்.