கப்பல்காரர் வீட்டுக் கூடம்

பாப்பா கூடத்துக் கதவின் அடி இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் வெயில் நன்றாக ஏறிவிட்டது. சாமான் நிறைந்த அறையிலிருந்து இத்தனை வெளிச்சம் கசியாது. பார்க்கிறவர்களுக்குக் குட்டு வெளிப்பட்டுவிடும். பத்து வயதில் இவ்வளவு யோசனை எதற்கு என்று கேட்கலாம். வேறு யார் இருந்தார்கள் யோசிக்க? அம்மா விடிந்ததிலிருந்து அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவோ, யோசிக்க வேண்டியதையெல்லாம் நேற்றோடு முடித்துக்கொண்டுவிட்டார்.

கப்பல்காரர் வீடு என்றுதான் தெருவில் பெயர். அப்பாவுடைய தாத்தாவுக்குக் கப்பல் இருந்ததாம். அந்தக் கப்பலைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அப்பா லாரி ஷெட்டில் மூட்டை எடை போட்டார். ஆனால் இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் ஒருநாளும் படி இறங்கியதில்லை. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வண்டியேறும்போது, "ரிப்பேருக்குப் போகுது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். போனது எதுவும் திரும்பி வந்தபாடில்லை. கடைசியில் மூவரும் பின்கட்டின் இரண்டு அறைகளுக்குள் ஒடுங்கி, சந்துப்பக்கக் கதவு வழியாகப் போய்வரப் பழகிக்கொண்டார்கள்.

இந்த மறைப்பெல்லாம் அத்தைக்காகத்தான். அத்தை வாழ்க்கைப்பட்டது தொலைதூரத்தில், பெரிய இடத்தில். பாப்பா பிறந்தபோது வந்தவள், பிறகு வரவே இல்லை. போனில் அப்பா, "எல்லாம் அப்படியே இருக்குக்கா" என்பார். வைத்துவிட்டுப் பாப்பாவிடம் சொல்வார்: "உங்க அத்தை அங்க நிமிர்ந்து நடக்கறான்னா, அவ பின்னாடி இந்த வீடு நிக்குதுன்னு அவங்க நம்பறதாலதான். அதை நாம கெடுத்துடக் கூடாது, பாப்பா." அவர் அவளிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

அத்தையின் கார் வந்தது. அத்தை உள்ளே ஓடிவந்து தம்பியின் நெற்றியில் கன்னத்தை வைத்து அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, தலையைத் தூக்கி அறையைச் சுற்றிலும் பார்த்தாள். பின்னால் அத்தையின் கணவர், பாப்பாவுக்கு மாமா, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன், என் தம்பிய இந்தப் பொந்துல போட்டிருக்கீங்க? கூடத்துக்கு என்ன வந்துச்சு?"

அம்மாவின் கண் சுவரிலேயே இருந்தது.

"கூடத்துல தரைப் பலகைக்கு வார்னிஷ் அடிச்சிருக்கு அத்தை. இன்னும் காயலை. கால வெச்சா ஒட்டிக்கும்" என்றாள் பாப்பா.

"வார்னிஷ் வாசனையே வரலியே?" என்றார் மாமா.

"அதுக்குத்தான் துண்டு வெச்சு அடைச்சிருக்கேன் மாமா."

அடேயப்பா! அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"யாரு அடிக்கச் சொன்னா?" என்றாள் அத்தை.

"அப்பாதான். நீங்க வர்றீங்கன்னு."

"நான் வரப்போறேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

பாப்பா துண்டைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். "எப்பவுமே நீங்க வருவீங்கன்னுதான் அப்பா சொல்வாங்க" என்றாள். காலையிலிருந்து அவள் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு நேரம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. யார் யாரோ வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள், அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எல்லாருடைய பேச்சும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. பாப்பா கூடத்துக் கதவில் முதுகைச் சாய்த்துக் காவல் உட்கார்ந்திருந்தாள். கண் சொக்கியது. கதவுக்குப் பின்னால் தட்டுகள் கலகலத்தன. யாரோ திரைச்சீலையை இழுத்து விட்டார்கள். நிறையப் பேர் சாப்பிட உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அப்பா அவர்களுக்கு நடுவில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கதவைத் திறந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. திறந்தால் கலைந்துவிடுமே என்று பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த முடுக்குல பெட்டி திரும்பாது."

விழித்துப் பார்த்தால் வண்டிக்காரர்கள் நான்கு பேர் நின்றார்கள். அப்பாவைப் பெட்டியில் வைத்து மூடியாகிவிட்டது. அவர்களில் மூத்தவர், நரைத்த மீசைக்காரர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வரும்போது காலிப் பெட்டி, நிமிர்த்திக் கொண்டாந்துட்டோம். இப்ப அப்படிச் செய்யறது நல்லா இருக்காது. கூடத்து வழியா பெரிய வாசலுக்குப் போயிடலாம்."

பாப்பா எழுந்து கதவை மறைத்து நின்றாள். "வார்னிஷ் காயலை."

"தள்ளு பாப்பா" என்றாள் அத்தை.

"காயலைன்னு சொல்றேன்ல!" கத்தியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்பா போனதற்கும் அழாத பெண், கதவுக்கு அழுதாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது அவளுக்கு.

அம்மா எழுந்து வந்தாள். "துண்டை எடு பாப்பா" என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "போதும்."

கதவு திறந்தது.

இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்துத் தெரிந்தன. தூசி மெல்ல மிதந்தது.

"என்ன இது? ஒரு குச்சி சாமான்கூட இல்லை!" என்றார் மாமா. வெறுங்கூடம் 'இல்லை'யைத் திருப்பிச் சொன்னது.

பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியே பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. அப்பா கேட்ட ஒன்றே ஒன்று, அதையும் காப்பாற்ற முடியவில்லை.

அத்தை கூடத்துக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே நடந்தாள். பலகை முனகியது. கூடத்தின் நடுவுக்கு வந்தவள், நேரே போகாமல், சட்டென்று ஒதுங்கி, இடது கையை எதன் விளிம்பிலோ தடவிக்கொண்டு போவதுபோல வளைந்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

பாப்பா தலையைத் தூக்கிவிட்டிருந்தாள். அப்பாவும் அப்படித்தான் நடப்பார். பெரிய சாப்பாட்டு மேஜை போய் எத்தனையோ காலமாகியும், ஒருநாள்கூட அந்த இடத்தைக் குறுக்கே மிதித்ததில்லை. அத்தைக்கு இதை யாரும் சொல்லவில்லை.

வண்டிக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே நுழைந்தார்கள்.

"குறுக்க வராதீங்க" என்றாள் அத்தை. "மேஜை இருக்கு. சுத்தி வாங்க."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மீசைக்காரர் அத்தையைப் பார்த்தார். அப்புறம் பாப்பாவின் முகத்தைப் பார்த்தார். "பெரிய மேஜைங்களாம்மா?"

"பன்னெண்டு பேர் உக்காரலாம்."

"அப்ப செவுத்தோரமா வாங்கப்பா. பார்த்து, இடிச்சிடாம."

பெட்டி திரும்பியது. மாமாவும் சுவரை ஒட்டியே நடந்தார். முன்பக்கம் பிடித்திருந்த மீசைக்காரர் பின்னோக்கியே அடிவைத்து வந்தார். வளைவில் நின்று, தலையைத் திருப்பாமல் கேட்டார்: "எனக்குப் பின்னால நாற்காலி ஏதாவது இருக்கா, பாப்பா?"

பாப்பா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு இருக்கு. அப்பா எந்திரிச்சா உள்ள தள்ளவே மாட்டாங்க."

நான்கு பேரும் அப்படியே நின்றார்கள். அத்தை முன்னால் வந்து, குனிந்து, இரண்டு கைகளாலும் அதை உள்ளே தள்ளிவிட்டு, வழிவிட்டு நின்றாள்.