குழம்பு வத்தல்

புரட்டாசி மழைக்கு மிளகாய் விதைத்து இருபது நாளாயிற்று. விடியுமுன்பே நிலத்தில் இறங்கிய சோலையம்மாள் களைக்கொத்தியால் மண்ணைக் கிளறிக்கொண்டே போனாள். ஈரக் கரிசல் காலில் அப்பி, அடியெடுத்து வைக்கவே இடுப்பு விட்டுப் போனது. களையில் கோரை முளைத்திருந்தது, சாரணத்தி முளைத்திருந்தது. மிளகாய் மட்டும் முளைக்கவில்லை.

நாரணாபுரத்துக்கு மேற்கே வேலுச்சாமியின் நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்கு உழும் ஐந்து குடும்பமும் அவள் கலயத்து விதையைத்தான் விதைத்திருந்தன. சம்பா மிளகாயில் நல்ல செடியாகப் பார்த்து அடையாளத்துக்குத் துணி கட்டி, பழத்தைச் செடியிலேயே கனியவிட்டு விதைக்கு எடுப்பது அவள் பொறுப்பு. போன தையில் அவள் மகள் ரோஜாதான் தன் பழைய தாவணியைக் கிழித்துக் கட்டினாள். மாசியில் பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் அந்தப் பிள்ளை போய்விட்டது.

வேலுச்சாமி வண்டியை வரப்போரம் நிறுத்தினார்.

"என்ன சோலை, மொளச்சிருச்சா?"

"மறுக்கா விதைக்கணும் மொதலாளி."

"எதை விதைப்பே? பயிர் நிக்கிற நெலத்துல ஆளை எழுப்பக் கூடாதுன்னு ஊர் வழக்கம். நானும் மீறல. இப்பத்தான் ஒண்ணும் நிக்கலையே! பட்டாசுக் கம்பெனிக்காரன் நெலம் கேக்கான். வெள்ளிக்கெழம டிராக்டர் வரும். அஞ்சு குடும்பமும் வெலகிருங்க."

"நாங்க எங்கன போக?" என்றாள் பக்கத்து நிலத்துச் சின்னத்தாய்.

"கம்பெனி வந்தா ஒங்களுக்குத்தான வேலை?"

சோலையம்மாள் நிமிர்ந்தாள். "எம் மகளுக்கும் வேலை குடுத்தாக மொதலாளி."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கூடினார்கள்.

"நாந்தான் கெடுத்தேன். பங்குனியில கம்பெனியப் பூட்டி வச்சிருந்தாக. ரோஜா வெடிமருந்து காயவச்ச சிமெண்டுக் களம் வெளிய சும்மா கெடந்துச்சு. அவ துணி கட்டுன பழம், அவ இருந்த எடத்துல காயட்டும்னு விரிச்சேன். அவ பக்கத்துல இருக்க மாதிரியே இருந்துச்சு. பத்து நாளும் அங்கனயே கெடந்தேன். தரையில இருந்த மருந்து வெதையக் கொன்னுரும்னு புத்தியில ஏறல."

எந்த மருந்து என்ன செய்யும் என்று வேலைக்குப் போன பிள்ளைகளுக்கே சொல்லாத கம்பெனி, இவளுக்கா சொல்லியிருக்கும்?

"அஞ்சு வீட்டு வெதையில்லையா மதினி அது!" என்று கத்திய மூன்றாவது நிலத்து மாரிசாமி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். அவனுக்கும் நாலு பிள்ளைகள்.

சின்னத்தாய்தான் பேசினாள். "வீட்டுல குழம்புக்கு வச்ச வத்தல் இருக்குல்ல? அதுவும் நம்ம சம்பாதான? நம்ம பாயில காஞ்சதுதான? தோலு குழம்புக்கு, வெதை நெலத்துக்கு."

"வெள்ளிக்கெழமைக்குள்ள மொளைக்குமா?" என்றான் நாலாவது நிலத்துப் பெத்தணன்.

"மொளைக்காது. பயிர் வந்து நிக்கிற வரைக்கும் வரப்புல நாம நிப்போம்" என்றாள் சின்னத்தாய்.

அன்று மத்தியானமே ஐந்து வீட்டு வத்தலும் சோலையம்மாள் வாசலில் குவிந்தது. கிள்ளிக் கிள்ளி விதை உதிர்த்தார்கள். வீடே தும்மியது. மாசியிலிருந்து அழாத சோலையம்மாளுக்குக் கண்ணீர் கொட்டியது. வத்தல் நெடி என்று அவள் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. ரோஜாவின் மிச்சத் தாவணியில் விதையை முடிந்தாள்.

வெள்ளிக்கிழமை விடியற் கருக்கலில் விதைத்து முடித்து, ஆணும் பெண்ணுமாக வரப்போரம் வரிசையாக நின்றார்கள். தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. மாரிசாமி பக்கத்தில் வந்து நின்றான்.

"கை எரியுதா மதினி?"

"எல்லாருக்குந்தானய்யா எரியுது" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள் சோலையம்மாள்.