ஏழாம் குழியில் கறுத்த தடம்

"யாரு நடந்தது? சொல்லு, யாரு நடந்தது?"

கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் என் கணவர் மர்டோ, சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கிளப் சமையலறை வாசலில் நின்றார். நான் சூப் பானையில் பார்லியைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்கே நடந்தது?"

"ஏழாம் கிரீன்ல, எஃபி. இந்தக் கோடியிலேருந்து குழி வரைக்கும் கறுப்புக் கறுப்பா தடம். சனிக்கிழமை திறக்கணும்!"

கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்டக் கத்தரித்த புல்தரை. உறைபனி பிடித்த அந்தப் புல்லை மிதித்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டொரு நாள் கழித்து, கால் பட்ட இடம் மட்டும் கருகிப்போகும். அதற்காகத்தான் மர்டோ குளிர்காலம் முழுதும் நல்ல கிரீன்களைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, தள்ளி வெட்டிய தற்காலிகக் குழிகளில் எல்லாரையும் ஆடவிடுவார். மார்ச்சில் கயிறு அவிழ்க்கும் நாளுக்கு அவர் சவரம் செய்து, நல்ல தொப்பி போட்டுக்கொண்டு போவார்.

"ராட்ரேதான். வேற யாரு? உருளைக்கிழங்கு வயல்ல ஆடுற மாதிரி இருக்குன்னு மாசக்கணக்கா புலம்பினானே. கமிட்டியில சொல்லி அவனை வெளியே தள்ளலேன்னா பாரு."

ராட்ரே ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாய்த்துடுக்கு அதிகம்; கயிறு தாண்டுகிற ஆள் இல்லை.

"பார்த்தியா அவனை?"

"பார்க்கணுமா? வா, நீயே வந்து பாரு."

கடற்காற்று முகத்தில் அறைந்தது. கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். தடம் நேராகக் குழிக்குப் போய், அதை ஒருமுறை சுற்றி, நேராகத் திரும்பியிருந்தது. பந்தைத் தள்ளி ஆட வந்தவனாயிருந்தால் அங்கே இங்கே நின்றிருப்பான். இது குழியின் விளிம்பைப் பார்க்கப் போனவனின் நடை. ஒவ்வொரு இடது பாதமும் வெளியே திரும்பியிருந்தது.

நான் துடைக்கும் சமையலறைத் தரையில் தினமும் விழுகிற தடம் அது.

"வேண்டாம், மர்டோ. விடு. கொஞ்சம் மணல் தூவினா சரியாயிடும். வா, சூப் அடிப்பிடிச்சுடும்."

"உன் சூப்பைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டு! அதோ, அவனே வர்றான்!"

ராட்ரே மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, கிரீனைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன மர்டோ, கல்யாணப் பொண்ணு தயாரா? இல்லே, இன்னும் முக்காடுதானா?"

"வா இங்கே. காலை வை."

"எதுல?"

"உன் தடத்துல, திருட்டுப்பயலே! வச்சுக் காட்டு!"

ராட்ரே என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் பையை இறக்கிவைத்துவிட்டு, கயிற்றைத் தாண்டி, கருகிய தடத்தில் மெல்லப் பாதத்தை வைத்தார். முன்னும் பின்னும் கறுப்பு மிச்சமிருந்தது.

"சரியா வைடா! குதிகாலை இப்படி, விரலை இப்படி..." என்று மர்டோவும் கயிற்றைத் தாண்டித் தன் இடது காலைப் பக்கத்துத் தடத்தில் வைத்துக் காட்டினார்.

பூட்ஸ் அதில் அச்சாக உட்கார்ந்தது.

மர்டோ காலை எடுக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். கயிறு காற்றில் விர்விர்ரென்றது.

"நான்தான் மர்டோ," என்றார் ராட்ரே. "அன்னிக்குக் காலையில நாயைத் தேடிக்கிட்டு உள்ள வந்துட்டேன். மன்னிச்சுடு."

"பொய் சொல்லாதே. உனக்குப் பொம்பளைக் கால்."

"கமிட்டிகிட்ட நான் அப்படித்தான் சொல்லப்போறேன்."

"உறைபனியில நான் கால் வைப்பேனா? நானா? எஃபி, நீ சொல்லு."

இன்னொரு நாளாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஒரு மாதமாக அவர் மறக்கும்போதெல்லாம் அதைத்தான் செய்துவந்தேன்.

"வச்சிருக்கே, மர்டோ."

"எப்போ?"

"தெரியலை."

"எனக்கும் தெரியலையே," என்றார், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வேற என்னென்ன?"

ராட்ரே பையை எடுத்துக்கொண்டு மெல்ல எட்டாம் குழிப் பக்கம் நடந்துவிட்டார்.

"சொல்லு எஃபி. வேற என்னென்ன செஞ்சேன்?"

"முதல்ல அந்தப் புல்லை விட்டு இறங்கி வா," என்றேன். "வீட்டுக்குப் போற வழியில சொல்றேன்."