அரையடி வெளியே

விதியை எழுதியது ஸ்வர்ணலதாதான். அதை ஜவஹர் மறக்கவுமில்லை, அவளை மறக்க விடவுமில்லை.

போன வருஷம் கால்பந்து லீக் கூட்டத்தில் ஒரு விவகாரம் வந்தது. அடையாறு ரெஃப்ரி ஒருவர் தன் தெரு அணிக்கே விசில் ஊதி, அதை ஜெயிக்க வைத்துவிட்டார். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், எழுந்து நின்ற ரெஃப்ரி இவள் ஒருத்திதான். ரெஃப்ரியின் வீடு எந்த ஏரியாவோ, அந்த ஏரியா அணியின் ஆட்டத்துக்கு அவர் விசில் ஊதக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி நீட்டினாள். இந்த மைதானங்களில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி எந்த ஏரியா என்பதுதான். அவளுடைய யோசனையும் அதைத் தாண்டிப் போகவில்லை. கைதட்டி நிறைவேற்றினார்கள்.

இந்த வருஷ அரையிறுதியில் அவள் குடியிருக்கும் சாந்தோம் குப்பத்து அணியும், தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் அணியும் மோத வேண்டியிருந்தது. யாருக்கு எந்த ஆட்டம் என்று பட்டியல் போடுகிறவர் ஜவஹர். விசில் ராகேஷுக்கு என்று போட்டிருந்தார். ராகேஷ் அதே ஜவுளிக்கடையில் இரண்டாம் மாடி சூப்பர்வைசர்.

தேனாம்பேட்டை டீக்கடையில் ஜவஹரைப் பிடித்தாள். ஒரு காலத்தில் ஒரே ஆட்டத்தில் துணை ரெஃப்ரிகளாக ஆளுக்கொரு பக்கக் கோட்டில் கொடி பிடித்தவர்கள் இருவரும். மாநில ரெஃப்ரி தேர்வுக்குப் போக ஆறு ஆட்டம் விசில் ஊதியிருக்க வேண்டும், தனக்கு ஐந்துதான் ஆகியிருக்கிறது என்றாள். அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது, பிறகு அந்தத் தேர்வே கிடையாது என்றாள். அவருக்குத் தெரியாததில்லை.

"ரூல் நீ போட்டது, லதா. நான் ஒரு எழுத்து மாத்தல."

"ராகேஷ் யாரு கடையில வேலை செய்றான், தெரியும்ல அண்ணா?"

"அவன் வூடு பல்லாவரத்துல கீது. சோறு போடற எடம்னு நீ எழுதலியேம்மா."

பிறகு இரக்கம் காட்டுகிறவர் போல இரண்டாவது டீ சொன்னார். விதியில் விசில் என்றுதான் இருக்கிறது, கொடி பிடிக்கத் தடையில்லை, வந்து கொடி பிடி என்றார். இறுதி ஆட்டத்துக்கு இன்னும் பெயர் போடவில்லையாம்.

"சாந்தோம் தோத்துச்சுன்னா ஃபைனல் விசில் உனுக்கு. ஜெயிச்சா உன் ரூலே உன்னை மறிக்கும். நான் இன்னா பண்ண?"

ஞாயிற்றுக்கிழமை நந்தனம் மைதானம். சாந்தோம் கேப்டன் ஜெரால்டு அவள் கையில் கொடியைப் பார்த்ததும், நம்ம அக்கா நிற்கிற பக்கம் நமக்கு ராசி என்று பையன்களிடம் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஒன்றுக்கு ஒன்று. ஐந்து நிமிஷம் பாக்கி. ஜவுளிக்கடை ஆள் பந்தோடு அவள் பக்கமாக வந்தான். ஜெரால்டின் கால் தட்டி அவன் விழுந்தான். தப்பு தப்புதான், ஆனால் கால் தட்டியது பாக்ஸ் கோட்டுக்கு அரையடி வெளியே. கோட்டுக்கு உள்ளே என்றால்தான் பெனால்டி, இதற்கு ஃப்ரீ கிக்தான் கொடுக்க வேண்டும். பார்க்க வந்திருந்த கடைக்காரர்கள் பெனால்டி என்று கத்தினார்கள். ராகேஷ் விசிலை ஊதிவிட்டு, எந்தப் பக்கமும் கை காட்டாமல் அவளிடம் ஓடி வந்தான்.

"மேடம், எனக்கு ஆள் மறைச்சிட்டாங்க. உள்ளயா, வெளியவா? நீங்க சொல்றதுதான். நாளைக்குக் கடையில இன்னா சொன்னாலும் பரவால்ல."

அவனிடமிருந்து எதை எதையோ எதிர்பார்த்திருந்தாள், இதை எதிர்பார்க்கவில்லை. வெளியே என்ற சொல் வாய் வரை வந்தது. வெளியே என்றால் ஏரியாப் பாசம் என்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

"உள்ளதான்," என்றாள்.

அவன் அப்படியே நம்பினான். பெனால்டி. கோல். சாந்தோம் தோற்றது.

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஜெரால்டு வந்து எதிரே குந்தினான். சத்தம் போடவில்லை.

"உன் கண்ணு முன்னாலதான் வுழுந்தான், அக்கா."

நின்ற இடத்திலிருந்து உள்ளே போலத்தான் தெரிந்தது என்று ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் எழுந்தான்.

"சொந்த ஏரியான்னு பாக்காத ஆளுன்னு பேரு வாங்கிட்ட. நல்லா இரு."

பேர் வாங்கியது உண்மைதான். வியாழக்கிழமை பட்டியலில் இறுதி ஆட்டத்துக்கு அவள் பெயர் இருந்தது. கமிட்டியில் எல்லாரும் அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஜவஹர் போன் செய்தார். உன் விதிக்கு நீயே சாட்சி என்றார். ராகேஷ் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான்: நீங்க இல்லன்னா அன்னிக்குத் தப்பு பண்ணியிருப்பேன் மேடம், தேங்க்ஸ். பதில் எழுத இரண்டு முறை ஆரம்பித்து அழித்தாள். கடைசியில் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள்.

இறுதி ஆட்டத்தில், தன் ஆறாவது ஆட்டத்துக்கு விசில் ஊதினாள். கொடி பிடிக்க ராகேஷ் வந்திருந்தான். இரண்டாம் பாதியில் ஒருத்தன் பாக்ஸ் கோட்டருகே விழுந்தான். ஸ்வர்ணலதா கோட்டைப் பார்க்கவில்லை. முதலில் ராகேஷின் முகத்தைத்தான் பார்த்தாள்.

அவன் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.